கையைத் துடுப்பாக்கிய வீரர்

சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் கடலைப் பார்க்க வேண்டுமானால் பல மணி நேரம் பயணம் போக வேண்டும். ஆனால் தண்ணீர் அவர்களுக்குப் புதிது அல்ல. தோட்டத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு குதித்து நீச்சல் பழகுவார்கள். பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் போன்ற காவிரிக்கரை ஊர்களில் பிறந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நீச்சல் பழகும் பிள்ளைக்குப் பெரியவர்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. காலை உதைத்து நுரை கிளப்பினால் போதாது. கையால் தண்ணீரைப் பிடித்துப் பின்னால் தள்ள வேண்டும். அப்போதுதான் உடம்பு முன்னே போகும். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவருக்கும் இது தெரியும். பரிசல் வட்டமானது. பக்கத்தில் துடுப்பைப் போட்டு வலித்தால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். ஆகவே அவர் முன்பக்கமாகத் துடுப்பை ஊன்றித் தண்ணீரைத் தன் பக்கமாக இழுக்கிறார். பரிசல் நேராகப் போகிறது. பலம் மட்டும் இருந்தால் ஆகாது. எந்த இடத்தில் தண்ணீரைப் பிடிப்பது, எந்தப் பக்கமாக இழுப்பது என்பதுதான் வித்தை.

இந்த வித்தையினால் உலகப் புகழ் பெற்ற மனிதர் ஒருவர் இருந்தார். அவருக்குப் படகு ஒரு மரப்பலகை. துடுப்பு அவருடைய இரண்டு கைகள். அந்தக் கைகளால் அவர் ஒலிம்பிக் பதக்கங்களை வாங்கினார். அதே கைகளால் ஒரு நாள் காலையில் எட்டு உயிர்களைக் கடலிலிருந்து மீட்டார். அவர் பெயர் டியூக் கஹானமோக்கு.

தீவில் பிறந்தவர்

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே இருக்கிறது ஹவாய்த் தீவுக் கூட்டம். அதன் தலைநகர் ஹொனலூலு. அங்கே 1890-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி டியூக் பிறந்தார்.

டியூக் என்பது ஆங்கிலத்தில் பெரிய பிரபுக்களின் பட்டம். ஆனால் இவர் பிரபு அல்ல. இங்கிலாந்து ராணியின் மகனான எடின்பரோ டியூக் 1869-ல் ஹவாய்க்கு வந்தார். அந்த வருடம் பிறந்த இவருடைய தந்தைக்கு அந்த நினைவாக டியூக் என்று பெயர் வைத்தார்கள். தந்தையின் பெயரே மூத்த மகனுக்கும் வந்தது. நம் ஊரில் ஜமீன்தார் வந்து போன வருடத்தில் பிறந்த குழந்தைக்கு அவர் பெயரை வைப்பது போலத்தான். பட்டம் என்று நினைத்துக்கொண்டு இவருக்கு மரியாதை செய்த வெளிநாட்டுக்காரர்கள் பலர்.

தந்தை போலீஸ் இலாகாவில் வேலை பார்த்தார். வீட்டில் ஆண் பிள்ளைகள் ஆறு பேர், பெண்கள் மூன்று பேர். மூத்தவர் டியூக். குடும்பம் வைக்கீக்கி என்ற கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டை விட்டு இறங்கினால் கடல். பள்ளிப் படிப்பை அவர் முழுவதும் முடிக்கவில்லை. குடும்பத்துக்கு உதவியாகச் சின்னச் சின்ன வேலைகளுக்குப் போனார். மிச்ச நேரமெல்லாம் தண்ணீரில்தான்.

அப்போது ஹவாய்க்குக் கெட்ட காலம். ஒரு காலத்தில் அந்தத் தீவுகளுக்குத் தனி ராஜாக்கள் இருந்தார்கள். ராஜா முதல் குடியானவன் வரை, ஆண் பெண் எல்லோரும் பலகையில் ஏறி அலைமேல் சறுக்கி விளையாடுவார்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்களின் கப்பல்கள் வந்தன. கப்பலோடு அம்மை முதலிய நோய்களும் வந்தன. ஜனங்களில் பெரும் பகுதி மடிந்து போனார்கள். மதப் பிரசாரகர்கள் வந்து, அலை விளையாட்டு வீண் பொழுதுபோக்கு என்று சொன்னார்கள். 1893-ல் ராணியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1898-ல் அமெரிக்கா தீவுகளைச் சேர்த்துக்கொண்டது. அப்போது டியூக் எட்டு வயது நிறையாத சிறுவன்.

அலைச் சறுக்கு விளையாட்டு அநேகமாக அழிந்து போகும் நிலையில் இருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த சில இடங்களில் ஒன்று வைக்கீக்கி. டியூக்கும் அவர் தம்பிகளும் தோழர்களும் அங்கே பொழுது விடிந்தால் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலில் இறங்கி விடுவார்கள். பின்னால் அவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். அதற்கு ஹூய் நாலு என்று பெயர். அலைக்காரர்களின் சங்கம் என்று அர்த்தம்.

அலையைப் பிடிப்பது எப்படி?

அலைமேல் நின்று சவாரி செய்யும் படங்களைப் பார்க்கிறவர்கள், நிற்பதுதான் கஷ்டம் என்று நினைப்பார்கள். நிற்பது பிறகு. முதலில் அலையைப் பிடிக்க வேண்டும். அதைக் கையால்தான் பிடிக்க வேண்டும்.

கடலில் வரும் அலைக்கு ஒரு வேகம் உண்டு. பலகை சும்மா மிதந்தால், அலை அதைத் தூக்கி, கீழே விட்டு, தன் வழியே போய்விடும். தண்ணீரில் கிடக்கும் தேங்காய் மட்டை அலையில் ஏறி இறங்குகிறதே தவிர, அலையோடு ஓடுவது இல்லை அல்லவா? அது போலத்தான். ஓடுகிற பஸ்சில் ஏற நினைக்கிறவன் கொஞ்ச தூரம் பஸ்சோடு கூடவே ஓட வேண்டும். அலை வந்து சேருவதற்கு முன்பே பலகையும் கரையை நோக்கி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகத்தான் பலகையில் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் மாற்றி மாற்றித் தண்ணீரை வலிப்பது.

வைக்கீக்கிப் பையன்கள் இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பெரியவர்களைப் பார்த்தும் பலமுறை விழுந்தும் கற்றார்கள். முதல் பாடம் படுக்கும் இடம். உடம்பு முன்னால் தள்ளிப் போனால் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தும். ஆள் தலைகுப்புற விழுவான். பின்னால் தள்ளிப் போனால் மூக்கு வானத்தைப் பார்க்கும். வால் தண்ணீரில் அமுங்கும். எத்தனை பலமாக வலித்தாலும் பாரம் இழுக்கும் மாடு போல நகராது. மூக்கு தண்ணீருக்குச் சற்று மேலே, பலகை மட்டமாகப் போகும் இடம் ஒன்றுதான் இருக்கிறது. அந்த இடத்தை ஒவ்வொருவனும் தன் உடம்பைக் கொண்டு தானே கண்டுபிடிக்க வேண்டும். படுத்த பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கால் அகன்று தண்ணீரில் இழுபட்டால் அதுவே முட்டுக்கட்டை. நெஞ்சைக் கொஞ்சம் தூக்கி, தலை நிமிர்ந்து, முன்னே பார்க்க வேண்டும். நெஞ்சு தூக்கி இருந்தால்தான் தோள் தாராளமாகச் சுழலும்.

அடுத்தது கை. புதிதாகப் பழகுகிறவன் அவசரப்பட்டு மேல் தண்ணீரைப் படபடவென்று அடிப்பான். நுரை பறக்கும். பலகை நகராது. தேர்ந்தவன் கை சத்தம் போடாது. கையை நன்றாக முன்னால் நீட்டி, விரல் முதலில் இறங்கும்படி தண்ணீருக்குள் விடுவான். பிறகு முழங்கையைச் சற்று மடக்கி, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரே துடுப்பாகும்படி ஆழமாகப் பிடித்து, பலகையை ஒட்டியே இடுப்பு வரை இழுப்பான். கை பலகையை விட்டு அகன்று வட்டம் போட்டால், பரிசல் சுற்றுவது போலப் பலகையின் மூக்கு பக்கவாட்டில் திரும்பிவிடும். அந்தக் காலத்துப் பலகைகளுக்கு அடியில் திசை காட்டும் துடுப்புக் கட்டை கிடையாது. நேராகப் போவதும் திரும்புவதும் கைகளையும் கால்களையும் பொறுத்தது.

இன்னொன்று, நிதானம். ஒரு கை இழுத்து முடிந்ததும் பலகை தானே கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போகும். அந்த ஓட்டம் அடங்குவதற்குள் அடுத்த கை இறங்க வேண்டும். அதற்கு முன்பே அடித்தால் பலம் வீண். தாமதித்தால் ஓட்டம் வீண். அலை முதுகுக்குப் பின்னால் வந்து வாலைத் தூக்கும்போது இரண்டு மூன்று இழுப்பு மட்டும் முழுப் பலத்தோடு இழுக்க வேண்டும். அப்போது பலகை சரிவில் இறங்குவது போலத் தானாக ஓடத் தொடங்கும். எழுந்து நிற்க வேண்டியது அந்தக் கணத்தில்தான்.

ஹவாய்க்காரர்கள் சில சமயம் பலகையின் மேல் முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் ஒரே சமயத்தில் போட்டு வலிப்பதும் உண்டு. நம் சோழமண்டலக் கரையில் செம்படவர்கள் கட்டுமரத்தின் மேல் முழங்காலிட்டு அலையைத் தாண்டிப் போனதைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லையே உலகம் எடுத்துக்கொண்டது.

டியூக் ஆறடிக்கு மேல் உயரம். கை கால்கள் மிகப் பெரியவை. அந்தப் பெரிய கையைத் தண்ணீரில் எப்படிப் போடுவது என்பதைப் பலகை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது.

நம்ப மறுத்தார்கள்

1911-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹொனலூலு துறைமுகத்தில் ஒரு நீச்சல் பந்தயம் நடந்தது. தூரம் 100 கெஜம். டியூக் அதை 55.4 விநாடியில் நீந்தி முடித்தார். அப்போதிருந்த சாதனையைவிட அது 4.6 விநாடி குறைவு என்று சொன்னார்கள். நீச்சல் பந்தயத்தில் அரை விநாடியைக் குறைப்பதே பெரும் பாடு!

கடிகாரம் பிடித்தவர்கள் திகைத்தார்கள். தூரத்தைத் திரும்ப அளந்து பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது. அமெரிக்காவின் தலைமைச் சங்கத்துக்கு எழுதினார்கள். அங்கே இருந்தவர்கள் நம்பவில்லை. கடல் நீரோட்டம் தள்ளியிருக்கும், நேரம் தவறாகக் கணக்கிட்டிருப்பார்கள் என்று சொல்லிச் சாதனையை ஏற்க மறுத்துவிட்டார்கள். ஏதோ ஒரு தீவில், பெயர் தெரியாத ஒரு கறுத்த பையன் இத்தனை வேகம் போவான் என்பதை அவர்களால் ஜீரணிக்க முடியவில்லை.

ஊர் ஜனங்கள் விடவில்லை. பணம் வசூல் செய்து அவரைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். நேரில் பார்க்கட்டும் என்று! அங்கே போன புதிதில் டியூக் கஷ்டப்பட்டார். கட்டிய குளத்தில் நீந்தி அவருக்குப் பழக்கம் இல்லை. கடலில் சுவர் கிடையாது. குளத்திலோ சுவரைத் தொட்டுத் திரும்பி வர வேண்டும். தண்ணீரும் குளிர். ஒரு பந்தயத்தில் தசை பிடித்துக்கொண்டு நடுவிலேயே வெளியே வர நேர்ந்தது. ஆனால் சில வாரங்களில் திரும்பும் வித்தையையும் கற்றுக்கொண்டார். தேர்வுப் பந்தயங்களில் வென்று ஒலிம்பிக் கோஷ்டியில் இடம் பிடித்தார்.

அவர் நீந்தியது கிரால் நீச்சல். குப்புறப் படுத்து, கைகளை மாற்றி மாற்றி முன்னால் வீசி, கால்களைப் படபடவென்று உதைத்துப் போகும் முறை. ஐரோப்பாவில் பலர் அப்போதும் தவளை நீச்சல்தான் நீந்தினார்கள். பசிபிக் தீவுக்காரர்களுக்கு இந்த முறை பரம்பரைச் சொத்து. பலகையில் படுத்துக் கை வலிப்பதற்கும் கிரால் நீச்சலில் கை போடுவதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. வேளாவேளைக்குக் கனமான பலகையை இழுத்த தோளுக்கு, பலகை இல்லாத வெறும் உடம்பு இறகு மாதிரி இருந்திருக்கும்!

பெருந்தன்மை காட்டிய எதிரி

1912-ல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் நடந்தது. 100 மீட்டர் நீச்சலில் டியூக் முதல் சுற்றுகளில் எளிதாக வென்றார். பிறகுதான் விபரீதம் நடந்தது. அரை இறுதிப் பந்தயம் எப்போது என்பதில் குழப்பம். டியூக்கும் வேறு இரண்டு அமெரிக்கர்களும் வந்து சேரவில்லை. அவர்கள் இல்லாமலே பந்தயம் நடந்து முடிந்துவிட்டது. விதிப்படி அவர்கள் வெளியே போக வேண்டியதுதான்.

அப்போது ஆஸ்திரேலிய வீரர் செசில் ஹீலி என்பவர் குறுக்கிட்டார். டியூக் இல்லாவிட்டால் தங்கப் பதக்கம் ஏறக்குறைய ஹீலிக்குத்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். ஆனால் உலகிலேயே வேகமாக நீந்துகிறவன் இல்லாமல் வாங்கும் வெற்றி என்ன வெற்றி என்று அவர் நினைத்தார். விட்டுப்போனவர்களுக்குத் தனிப் பந்தயம் வைக்க வேண்டும் என்று வாதாடினார். அதிகாரிகள் இணங்கினார்கள். தனிப் பந்தயத்தில் தேறிய டியூக், இறுதிப் பந்தயத்தில் 63.4 விநாடியில் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவர் அதே ஹீலி.

ஹீலி 1918-ல் முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டுப் போர்முனையில் குண்டுபட்டு இறந்தார். டியூக்கின் கதையைச் சொல்லுகிறவர்கள் ஹீலியின் பெயரை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் ஒரு பலகை

1914-ம் ஆண்டுக் கடைசியில் டியூக் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். நீச்சல் பந்தயத்துக்குத்தான் அழைத்திருந்தார்கள். சிட்னி நகரில் 1915 ஜனவரி 2-ந் தேதி 100 கெஜத்தை 53.8 விநாடியில் நீந்திப் புதிய உலக சாதனை செய்தார். ஆனால் ஆஸ்திரேலியர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது அந்தச் சாதனையை அல்ல.

சிட்னிக் கடற்கரையில் அற்புதமான அலைகள் வருவதை டியூக் பார்த்தார். கைகள் சும்மா இருக்குமா? ஒரு மரக்கடையில் பைன் மரம் வாங்கிப் பலகை ஒன்று தயார் செய்தார்கள். அதன் எடை சுமார் 35 கிலோ. பிரஷ்வாட்டர் என்ற கடற்கரையில் ஜனங்கள் கூடினார்கள். உயிர்காக்கும் சங்கத்தார் அவரை அலைக்கு அப்பால் கொண்டுவிடப் படகு தருவதாகச் சொன்னார்கள். டியூக் வேண்டாம் என்று விட்டுத் தாமே பலகையில் படுத்துக் கையால் வலித்துக்கொண்டு, உடையும் அலைகளைத் தாண்டி உள்ளே போனார். கரையில் இருந்தவர்களுக்கு முதல் ஆச்சரியம் இதுதான். பிறகு அவர் அலைமேல் நின்றபடி கரைக்கு வந்தார்.

பிறகு ஒரு முறை உள்ளூர்ப் பெண் ஒருத்தியையும் பலகையில் ஏற்றிக்கொண்டார். இசபெல் லெதம் என்று பெயர். வயது 15. அலையின் உச்சியிலிருந்து கீழே பார்த்தபோது அந்தப் பெண் பயந்துவிட்டாள். டியூக் அவளைத் தூக்கி நிறுத்தினார். இருவரும் ஒரே பலகையில் கரை சேர்ந்தார்கள். இசபெல் பிற்காலத்தில் நீச்சல் ஆசிரியையாகி ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குக் கற்றுக் கொடுத்தாள். டியூக் விட்டு வந்த பலகையை பிரஷ்வாட்டர் சங்கத்தார் பொக்கிஷம் போலப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

1916-ல் ஒலிம்பிக் நடக்கவில்லை. யுத்தம். 1920-ல் பெல்ஜியம் நாட்டு ஆன்ட்வெர்ப் நகரில் நடந்தபோது டியூக்குக்கு 30 வயது. பிறந்த நாள் அன்றே 100 மீட்டரில் உலக சாதனையோடு வென்றார். வேறொரு வீரர் ஆட்சேபணை சொன்னதால் பந்தயத்தை மறுபடி நடத்தினார்கள். மறுபடியும் அவரே வென்றார். நால்வர் தொடர் நீச்சலிலும் தங்கம் கிடைத்தது. 1924-ல் பாரிசில் அவரை ஓர் இளைஞன் தோற்கடித்தான். அவன் பெயர் ஜானி வைஸ்முல்லர். பிற்காலத்தில் சினிமாவில் டார்ஜானாக நடித்து, நம் ஊர் டூரிங் கொட்டகை வரைக்கும் புகழ் பெற்றவன்! அந்தப் பந்தயத்தில் டியூக்குக்கு இரண்டாவது இடம். மூன்றாவதாக வந்தவர் டியூக்கின் தம்பி சாமுவேல்.

எட்டு உயிர்கள்

மேட்டூரில் அணை கட்டும் வேலை தொடங்கியது 1925-ம் ஆண்டில். அதே ஆண்டு ஜூன் 14-ந் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் நடந்தது இந்தச் சம்பவம்.

டியூக் அப்போது ஹாலிவுட்டில் இருந்தார். படங்களில் சின்ன வேஷங்களில் நடித்துக்கொண்டிருந்தார். ஓய்வு நாட்களில் தோழர்களோடு கடற்கரைக்கு வந்து அலைச் சறுக்கு விளையாடுவார். அன்று காலை நியூபோர்ட் துறைமுகத்தின் வாயிலில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மலை போன்ற அலைகள். தெல்மா என்ற மீன்பிடி படகு 29 பேரை ஏற்றிக்கொண்டு அந்த வாயிலில் அகப்பட்டது. அலை மேல் அலையாக மோதியது. படகு கவிழ்ந்தது. எல்லோரும் தண்ணீரில் விழுந்தார்கள்.

கரையிலிருந்து டியூக் பார்த்தார். பலகையை எடுத்தார். கடலில் பாய்ந்தார்.

அந்தக் கடலில் வெறுமனே நீந்திப் போகிறவன், ஒருவனைப் பிடித்துத் திரும்புவதற்குள் தானே களைத்துவிடுவான். மூழ்குகிறவனின் பிடி இரும்புப் பிடி. காப்பாற்றப் போகிறவனையும் சேர்த்து அமுக்கிவிடும். பலகை இருந்தால் அப்படி இல்லை. மூழ்குகிறவன் ஆளைப் பிடிக்காமல் பலகையைப் பிடிப்பான். ஆனால் அந்தப் பலகையை எதிர் அலையில் உள்ளே கொண்டுபோக வேண்டுமே! அதுவும் பாரத்தோடு திரும்ப வேண்டுமே! சிறு வயது முதல் பழகிய கை வலிப்பு அன்றைக்கு உதவியது. உடைகிற அலைகளைக் கடந்து போனார். தத்தளித்தவர்களைப் பலகையில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வந்தார். உடனே திரும்பிப் போனார். மீண்டும் கொண்டு வந்தார். மூன்றாவது முறையும் போனார். அவர் ஒருவரே மீட்டவர்கள் 8 பேர். அவருடைய தோழர்கள் வேறு 4 பேரை மீட்டார்கள். மீதி 17 பேர் மாண்டார்கள்.

பத்திரிகைகள் புகழ்ந்தன. டியூக் அதைப் பற்றி அதிகம் பேசவே இல்லை. ஆனால் கடற்கரைக் காவல்காரர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். விளையாட்டுச் சாமான் என்று நினைத்த பலகை, உயிர்காக்கும் சாதனம்! அதன் பிறகு காவல் நிலையங்களில் பலகை வைக்கும் வழக்கம் பரவியது. இன்றும் உலகத்துக் கடற்கரைகளில் காவலர்கள் பலகையில் படுத்தோ முழங்காலிட்டோ கைகளால் வலித்துக்கொண்டு மீட்கப் போகிறார்கள். அந்த 12 பேரோடு கணக்கு நிற்கவில்லை.

டியூக்கைப் பார்த்துப் பலகைமேல் பைத்தியமான இளைஞர் ஒருவர் உண்டு. டாம் பிளேக் என்று பெயர். 1920-ல் ஒரு சினிமாக் கொட்டகையில் டியூக்கைச் சந்தித்துக் கைகுலுக்கியவர். அவர் பிறகு ஹவாய்க்கே போய், உள்ளே கூடாக இருக்கும் லேசான பலகையைச் செய்தார். கைக்குச் சுமை பாதியாகக் குறைந்தது. வேகம் கூடியது. 1935-ல் பலகையின் அடியில் சிறு துடுப்புக் கட்டை பொருத்தியவரும் இவரே. டியூக்கோ பழைய வழியை விடவில்லை. அந்தக் காலத்து ஹவாய் ராஜாக்களின் பலகையைப் போல 16 அடி நீளத்தில், கோவா என்ற உள்ளூர் மரத்தில் ஒரு பலகை வைத்திருந்தார். எடை 114 ராத்தல். அதாவது சுமார் 52 கிலோ. இரண்டு சிப்பம் அரிசியைவிடக் கொஞ்சம் அதிகம். அதைத் தூக்கவே ஆள் வேண்டும். அவர் அதில் படுத்து நாலு இழுப்பு இழுத்தால் எங்கோ தூரத்தில் எழும்பும் அலையையும் பிடித்துவிடுவார்.

புகழ் இருந்தது, பணம் இல்லை

உலகமெல்லாம் கைதட்டிய மனிதருக்கு வீட்டில் அடுப்பெரிவது சில காலம் கஷ்டமாகவே இருந்தது. அந்த நாளில் ஒலிம்பிக் வீரர்கள் பந்தயத்துக்குப் பணம் வாங்கக் கூடாது. வாங்கினால் பதக்கம் போய்விடும். சினிமாவில் அவருக்குக் கதாநாயகன் வேஷம் கிடைக்கவில்லை. சிவப்பிந்தியத் தலைவன், கடற்கொள்ளைக்காரன், அடிமை, இப்படித்தான் கிடைத்தது. காரணம் நிறம். அமெரிக்காவில் சில ஓட்டல்களில் அவருக்குச் சாப்பாடு தரவே மறுத்தார்கள். அவர் சண்டை போடாமல் எழுந்து போய்விடுவார்.

ஊர் திரும்பினார். நகராட்சிக் கட்டிடத்தில் காவல், துப்புரவு வேலை பார்த்தார். பெட்ரோல் பங்கு நடத்தினார். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கை காருக்குப் பெட்ரோல் ஊற்றியது. பிறகு நண்பர்கள் சொன்னபடி ஹொனலூலு ஷெரீப் பதவிக்குத் தேர்தலில் நின்றார். ஜனங்கள் ஓட்டுக்களை அள்ளிக் கொடுத்தார்கள். தொடர்ந்து 13 முறை அவரே வென்றார். 1940-ல், 50-வது வயதில்தான் கல்யாணம் செய்துகொண்டார். மனைவி பெயர் நடீன். நடன ஆசிரியை. குழந்தைகள் இல்லை. 1959-ல் ஹவாய் அமெரிக்காவின் 50-வது மாநிலமாயிற்று. தீவுக்கு வரும் பெரிய மனிதர்களை வரவேற்பது அவர் வேலையாக இருந்தது. 1966-ல் இங்கிலாந்து ராணியின் தாயார் விமானத்தில் வந்து இறங்கியபோது, 75 வயது டியூக் அந்த அம்மாளோடு விமான நிலையத்திலேயே ஹவாய் நடனம் ஆடினார்!

1968-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி மாரடைப்பால் டியூக் காலமானார். வயது 77. வைக்கீக்கிக் கடற்கரையில் பெருங்கூட்டம் கூடியது. தோழர்கள் படகுகளில் அஸ்தியைக் கொண்டுபோய், அவர் அலை பிடித்த கடலிலேயே கரைத்தார்கள். 1990-ல் அங்கே அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். சிலை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கடலுக்கு முதுகு காட்டி நிற்க டியூக் அறியாதவரா என்று உள்ளூர்க்காரர்கள் குறைப்பட்டார்கள். ஆனாலும் சிலையின் விரித்த கைகளில் பூமாலைக்குக் குறைவு இல்லை.

அலைச் சறுக்கு ஒலிம்பிக்கில் சேர வேண்டும் என்பது டியூக்கின் நெடுநாள் ஆசை. அது அவர் காலத்தில் நடக்கவில்லை. விளையாட்டு மட்டும் கரைக்குக் கரை பரவியது. நம் கோவளத்துச் செம்படவர் வீட்டுப் பிள்ளைகளும் பலகையில் படுத்துக் கை வலிக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய நாடுகளின் அலைச் சறுக்குப் போட்டியே நடந்தது. அதற்கு நாலு வருடம் முன்பு, 2021-ல், ஜப்பானில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச் சறுக்கு முதன்முறையாக இடம் பெற்றது. பெண்கள் பிரிவில் முதல் தங்கப் பதக்கத்தை வாங்கியவர் கரிசா மூர். ஹொனலூலுவில் பிறந்தவர். வைக்கீக்கிக் கடலில் அலை பிடிக்கப் பழகியவர்.